விஞ்ச் அடைக்கலத்தின் கண்

போர்ட் பிளேர் துறைமுகத்தில், ஹேடோ ஜெட்டியில் போய் அடைக்கலசாமி என்று கேட்டால் இரண்டு பேரைக் காட்டுவார்கள். விஞ்ச் அடைக்கலம் என்று கேட்டால் ஒருவரைத்தான் காட்டுவார்கள்.

மெட்ராஸிலிருந்து கப்பல் வந்து கட்டிவிட்டால், அதன் வயிற்றுக்குள் கிடக்கும் அரிசி மூட்டை, சிமெண்டு, கூரைத் தகரம், எப்போதாவது யாரோ ஓர் அதிகாரியின் ஜீப் எல்லாம் வெளியே வருவது அவர் கைவழியாகத்தான். கப்பலின் மேல்தளத்தில் விஞ்ச் என்கிற அந்தச் சுமைதூக்கும் இயந்திரத்தின் பிடிகளைப் பற்றிக்கொண்டு நிற்பார். கீழே இருண்டு கிடக்கும் கிடங்குக் குழிக்குள் ஒரு கண், குழியோரத்தில் நின்று கைச்சாடை காட்டுகிறவன்மேல் ஒரு கண். கிடங்குக்குள் வேலை செய்கிற தெலுங்கரும் வங்காளிகளும் ராஞ்சிக்காரர்களும், தங்கள் தலைக்குமேல் ஒரு வலை நிறைய மூட்டை ஆடும்போது அண்ணாந்து அவர் முகத்தைப் பார்ப்பார்கள். அந்த முகம் அமைதியாக இருந்தால் நின்ற இடத்திலேயே நிற்கலாம் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அவர் நின்ற காலத்தில் அந்த நம்பிக்கை ஒருமுறைகூடப் பொய்க்கவில்லை.

சொந்த ஊர் வேம்பாறு. வாலிபத்தில் தூத்துக்குடிக்குப் போய், நடுக்கடலில் நிற்கும் கப்பல்களிலிருந்து தோணிகளில் சரக்கு இறக்குகிற வேலை பார்த்தார். அக்காள் சிசிலியாளின் புருஷன் போர்ட் பிளேருக்கு வடக்கே லாங் ஐலண்டு என்கிற சின்னத் தீவில் மரக் கம்பெனி வேலைக்கு வந்து குடியேறியபின், ஐம்பதுகளின் தொடக்கத்தில் இவரும் தீவுக்குக் கப்பல் ஏறினார். ஹேடோவில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஊரிலிருந்தே ஞானசெல்வியைக் கட்டிக் கூட்டிவந்தார். அதிகம் பேசாதவர். பேசாதவர்களுக்கு மனத்தாங்கலும் சீக்கிரம் வராது, வந்தால் சீக்கிரம் போகவும் போகாது.

அவருக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. தமிழ்க் கிறிஸ்தவர் வீட்டில் சாவு விழுந்து, சாமியார் வந்து சேரத் தாமதமானால், இறந்தவருக்கான செபங்களை அடைக்கலசாமிதான் வாசிப்பார். அறுபத்தேழாம் வருஷத்து மழைக்காலத்தில் அப்படி ஒரு சாவு வீட்டில் செபப்புத்தகத்தைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தும் எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. இரண்டு இடத்தில் தடுமாறி நின்றார். வீட்டுக்கு வரும் வழியில் ஞானசெல்வி, "வெள்ளெழுத்து வந்துட்டு உங்களுக்கு. ஆஸ்பத்திரில போயிக் கண்ணாடி கேளுங்க. சாவு வீட்டுல நின்னுக்கிட்டுத் திக்கினா நல்லாவா இருக்கு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் கண்ணுக்கென்று ஒரே ஓர் அறை. டாக்டர் பாலசுப்பிரமணியம், தீவில் மெயின்லேண்டு என்று சொல்கிற பெருநிலத்திலிருந்து வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கலாம். மெலிந்த ஆள், வேகமாகப் பேசமாட்டார். நர்ஸ் இந்திராணி தீவிலேயே பிறந்து வளர்ந்தவள்; அவளுடைய தமிழில் பாதி இந்தி. எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, கண்ணாடியின் அளவைக் குறித்துக்கொண்ட பிறகு, டாக்டர் அவரைப் போகவிடவில்லை.

"நாற்பது தாண்டினவங்க எல்லாருக்கும் ஒரு சோதனை பண்றேன். படுத்துக்குங்க."

கண்ணில் ஒரு சொட்டு விட்டார்கள். முதலில் எரிந்து, பிறகு கண்ணே மரத்துப்போனது. "அண்ணன், ஊப்பர் பாருங்க. ஹிலாம இருங்க, பஸ்" என்றாள் இந்திராணி. அவர் மேலே பார்த்தபடி அசையாமல் கிடந்தார். டாக்டர் ஒரு சின்ன உலோகக் கருவியைத் திறந்த கண்ணின் மேலேயே நிறுத்தினார். வலி இல்லை. ஆனால் விழித்த கண்ணின்மேல் ஒரு பொருள் வந்து உட்காருவதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. கருவியின் முள் எங்கே போய் நின்றது என்று அவருக்குத் தெரியாது. டாக்டர் மற்றக் கண்ணிலும் வைத்தார். பிறகு மறுபடியும் முதல் கண்ணில் வைத்தார்.

"நாளைக்குக் காலையில வாங்க. சாயங்காலமும் ஒருதடவை வாங்க."

"கண்ணாடி அப்பந்தான் கிடைக்குமா?"

"கண்ணாடிக்கு இல்ல."

மறுநாள் இரண்டு வேளையும் அளந்தபின் டாக்டர் அவரை எதிரே உட்காரவைத்துச் சொன்னார். கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. ஊறுகிற அளவு வடிந்தும் போகவேண்டும். வடிகால் மந்தமானால் உள்ளே அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் கண்ணுக்குப் பின்னாலிருக்கும் நரம்பை மெல்லத் தின்னும். வலிக்காது, சிவக்காது. நேரே பார்க்கிற பார்வை கடைசிவரை நன்றாகவே இருக்கும். ஓரத்திலிருந்து இருட்டு உள்ளே வரும்.

"உங்க கண்ணில அழுத்தம் ஜாஸ்தியா இருக்கு. ரெண்டு கண்ணிலயும்."

"அப்பம் எனக்கு நரம்பு போயிட்டா?"

"அதைத்தான் பார்க்கணும். அழுத்தம் ஏறின எல்லாருக்கும் நரம்பு போயிடறதில்ல. சிலருக்குக் கடைசிவரைக்கும் ஒண்ணும் ஆகாது. நீங்க எந்த ரகம்னு அளவை மட்டும் வச்சு என்னால சொல்ல முடியாது."

விளக்குக் கருவியைக் கண்ணருகே கொண்டுவந்து, மூச்சுக் காற்று முகத்தில் படும் நெருக்கத்தில் நெடுநேரம் உள்ளே பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய பெரிய கறுப்புத் துணிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். துணியின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றதால் அந்தப் புள்ளியையே பார்த்திருக்க வேண்டும். டாக்டர் கறுப்புக் குச்சி ஒன்றின் முனையில் இருந்த வெள்ளை மணியை ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தார். மணி தெரிந்ததும் சொல்லவேண்டும். மறைந்தால் அதையும் சொல்லவேண்டும்.

"தெரியுது" என்றார். "தெரியுது." பிறகு ஓரிடத்தில் அந்த மணி தண்ணீரில் விழுந்த உப்பைப்போல் இல்லாமல் போனது. "மறைஞ்சிட்டு" என்று புள்ளியை விட்டுவிட்டு டாக்டரைப் பார்த்தார்.

"பயப்படாதீங்க. அந்த இடம் எல்லாருக்கும் குருடுதான். எனக்கும் உண்டு, நர்ஸுக்கும் உண்டு. நரம்பு கண்ணுக்குள்ள நுழையற இடம் அது. அதைச் சுத்தி வேற எங்கயாவது மறையுதான்னுதான் நான் தேடறேன்."

வேறெங்கும் மறையவில்லை. நரம்பும் நன்றாக இருந்தது. அழுத்தம் மட்டும் ஏறி நின்றது.

டாக்டர் பேனாவைத் திருகித் திறந்து, மறுபடி திருகி மூடினார். "ஒரு சொட்டு மருந்து இருக்கு. அழுத்தத்தைக் குறைக்கும். ஆனா கண்மணியைக் கடுகு மாதிரிச் சுருக்கிடும். வெளிச்சத்துல பரவாயில்ல, இருட்டான இடம் சரியாத் தெரியாது. நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

அடைக்கலசாமி சொன்னார். டாக்டர் ஒருமுறை தன் வீட்டுச் சாமான்களை எடுக்க ஜெட்டிக்குப் போயிருக்கிறார். அந்தக் குழியைப் பார்த்திருக்கிறார். பேனாவைச் சட்டைப்பையில் செருகினார்.

"இன்னிக்கு உங்க நரம்புல கோளாறு இல்ல. அதனால மருந்து வேண்டாம். ஆனா நாலு மாசத்துக்கு ஒருதடவை வந்து இந்தத் துணிக்கு முன்னால உட்காரணும். ஒரு தடவைகூட விடக்கூடாது. இது உங்க வாழ்நாள் பூரா இருக்கும்." பிறகு கேட்டார்: "உங்க குடும்பத்துல யாருக்காவது பார்வை போயிருக்கா?"

"எங்க ஐயாவுக்குப் போயிட்டு. கடல் வெக்கை எடுத்துட்டுன்னு சொல்லுவாங்க. அம்பது வயசுக்குள்ள கோல் பிடிச்சுதான் கோவிலுக்குப் போவாரு."

"கூடப் பிறந்தவங்க?"

"ஒரு அக்கா இருக்கு. லாங் ஐலண்டுல." அதற்குமேல் அவர் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷமாக அக்காளோடு பேச்சு இல்லை. மச்சான் இறந்து முதல் வருஷ நினைவுப் பூசைக்கு அவர் லாங் ஐலண்டு போயிருந்தார். பூசை முடிந்து சிசிலியா கோவிலிலிருந்து வெளியே வந்தாள். வாசலின் ஓரத்தில் நின்ற அடைக்கலசாமி கையை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தாண்டிப் போய், எதிரே வந்த கம்பெனி மேஸ்திரி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தனை பேர் முன்னிலையில் நீட்டிய கை நீட்டியபடி நின்றது. போர்ட் பிளேருக்குப் புறப்பட நின்ற லாஞ்சுப் படகில் அவர் அப்படியே ஏறிவிட்டார். சிசிலியாளுக்குக் கர்வம் வந்துவிட்டது, கண்டும் காணாமல் போகிறாள் என்று அதற்கு முன்பே சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறார். அன்றைக்கு நம்பினார்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஹேடோவுக்குத் திரும்பும் ஏற்றத்தில் நடக்கும்போதுதான் டாக்டர் சொன்னது வேறு வடிவத்தில் மனதுக்குள் வந்தது. நேரே பார்ப்பது தெரியும். ஓரத்தில் நிற்பது தெரியாது. சாலையோரத்தில் நின்றுவிட்டார். லாரி ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு கடந்து போனது. வீட்டுக்குப் போனதும் ஞானசெல்வியிடம், "அடுத்த லாஞ்சுல லாங் ஐலண்டு போறேன்" என்றார். அவள் காரணம் கேட்கவில்லை. கருவாட்டுப் பொட்டலம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தாள்.

லாஞ்சு ஹேவ்லாக் தீவில் நின்று வங்காளிகளின் காய்கறிக் கூடைகளையும் இரண்டு ஆடுகளையும் ஏற்றிக்கொண்டு வடக்கே போயிற்று. லாங் ஐலண்டு ஜெட்டியில் இறங்கியபோது மரக் கம்பெனியின் ரம்பச் சத்தம் கேட்டது. புருஷன் போனபின் சிசிலியா கம்பெனி ஆட்களுக்குச் சமைத்துப் போடும் மெஸ் ஒன்றை நடத்திவந்தாள். பின்கட்டில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யக்கா."

அவள் கோழி பார்ப்பதுபோல் முழு முகத்தையும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் தேடினாள். பிறகு நேரே அவரிடம் வந்து நின்றது பார்வை.

"அடைக்கலமா?"

"ஆமா."

"வழி தெரிஞ்சிருக்கே உனக்கு." மீனைச் சட்டியில் போட்டாள். "வருசப் பூசைக்கு வந்தவன் ஒரு வாய் கஞ்சி குடிக்காமப் போனியே. எம் புருசன் வீட்டுக் கஞ்சி உனக்கு என்ன குறைஞ்சு போச்சுன்னு எத்தனை நாள் நெனச்சிருக்கேன் தெரியுமா."

"நீ என்னையப் பாக்காமப் போனே. வாசல்ல கைய நீட்டிக்கிட்டு நின்னேன்."

சிசிலியா கத்தியைக் கீழே வைத்தாள். "எந்தப் பக்கம் நின்னே?"

"இடது பக்கம்."

அவள் கைகளை முந்தானையில் துடைத்தாள். துடைத்து முடித்தபிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கைகளில் பழையதும் புதியதுமாகச் சுட்ட வடுக்கள் இருந்ததை அடைக்கலசாமி பார்த்தார். பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். அவளுடைய இடது தோளுக்கு அருகே, ஒரு முழ தூரத்தில், உள்ளங்கையை விரித்து நீட்டினார். அவள் எதிரே இருந்த வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை அங்கேயே இருந்தது.

"ஏன் பேசாம இருக்கே?" என்றாள்.

அவர் கையை மடக்கிக்கொண்டார். "எவ்வளவு நாளா யக்கா?"

"எனக்கே தெரியல தம்பி. நேரா பாக்கது நல்லாத் தெரியுது. அரிசில கல் பொறுக்குதேன். ஊசில நூல் கோக்கேன். ஆனா ஆளுக திடீர்னு முன்னால வந்து நிக்காவ, எங்கேருந்து வந்தாவன்னு தெரியல. வாசப்படில இடிக்கேன். இந்த ஆரோக்கியம், அம்மைக்குக் கவனமே இல்லன்னு ஏசுதா. நானும் கவனமில்லன்னுதான் நெனச்சேன்." சற்றுப் பொறுத்துச் சொன்னாள்: "இல்ல, நெனக்கல. ஐயாவ நெனச்சேன். சொன்னா மெஸ்ஸ வேற ஆளுக்குக் குடுத்துருவாவ."

ஆரோக்கியசெல்வி அவளுடைய ஒரே மகள். உள்ளே அடுப்படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவள் வெளியே வந்து தாயின் அருகில் உட்கார்ந்தாள். ஏசியதற்காக மன்னிப்புக் கேட்கவில்லை. மீன் சட்டியைத் தன் பக்கம் இழுத்து ஆய ஆரம்பித்தாள். அழுதுகொண்டே ஆய்ந்தாள்.

சிசிலியாளைப் போர்ட் பிளேருக்குக் கூட்டிவந்தார்கள். அதே கட்டில், அதே சொட்டு, அதே சின்னக் கருவி. பிறகு டாக்டர் விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தார். தம்பிக்குப் பார்த்த அளவு நேரம் ஆகவில்லை. கறுப்புத் துணிக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். அடைக்கலசாமி அவளுக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி நின்றார்.

டாக்டரின் கையில் வெள்ளை மணி ஓரத்திலிருந்து புறப்பட்டது. அடைக்கலசாமிக்கு அது தெரிந்தது. சிசிலியா பேசவில்லை. மணி பாதி தூரம் வந்துவிட்டது. அவள் நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, சொன்னபடி அசையாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லேன் யக்கா, தெரியுதுன்னு சொல்லேன் என்று அவர் நாக்கு நுனிவரை வந்தது. இந்திராணி அவரைப் பார்த்து உதட்டின்மேல் விரலை வைத்தாள். மணி நடுப்புள்ளியைத் தொடப்போகும் இடத்தில்தான் சிசிலியா, "ஆங், தெரியுது" என்றாள். அவள் குரலில் சந்தோஷம் இருந்தது. சரியாகச் சொல்லிவிட்டோம் என்கிற சந்தோஷம். அடைக்கலசாமி வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டார்.

வலக்கண்ணில் ஓட்டைவழி பார்ப்பதுபோல் ஒரு வட்டம் மிச்சமிருந்தது. இடக்கண்ணில் அதுவும் இல்லை. கீழ்மூலையில் ஒரு துண்டு வெளிச்சம் மட்டும்.

டாக்டர் இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்துச் சொன்னார். "அளவை மட்டும் பார்த்தா உங்க ரெண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. அவருக்கு நரம்பு தாங்குது. உங்களுக்குத் தாங்கல. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. போன பார்வை போனதுதாம்மா, அதை யாராலயும் திருப்ப முடியாது. வலக்கண்ணில இருக்கறதைக் காப்பாத்தப் பார்க்கலாம். கருவிழி ஓரத்துல சின்னதா ஒரு துளை போட்டு, நீர் வடிய வழி பண்ணணும்."

"அது செய்தா இவ்வளவும் நிக்குமா?" அவள் கையால் முகத்துக்கு முன்னே ஒரு சின்ன வட்டம் போட்டுக் காட்டினாள்.

"நிக்கும்னு நம்பறேன். வாக்குக் குடுக்க முடியாது."

"சரி, செய்யுங்க." பிறகு தம்பியின் பக்கம் முகத்தைத் திருப்பி, அவர் முகம் அந்த வட்டத்துக்குள் வரும்வரை தேடினாள். "இவனுக்கும் இப்படி ஆவுமா?"

"ஆகாமலே போகலாம். ஆகவும் செய்யலாம். அதுக்காகத்தான் வரச்சொல்றேன்."

ஆப்பரேஷன் நடந்தது. இரண்டு கண்ணையும் கட்டிப் படுக்கவைத்திருந்த நாட்களில் அடைக்கலசாமி வேலை முடிந்ததும் வந்து கட்டிலருகே உட்கார்ந்து செபமாலை சொல்வார். அவள் பதில் சொல்வாள். வேறு பேச்சு இல்லை. கட்டை அவிழ்த்தபோது வட்டம் அப்படியே இருந்தது. பெரிதாகவில்லை. சிறிதாகவும் இல்லை. இடக்கண் மட்டும் அடுத்த வருஷத்துக்குள் முழுவதும் அணைந்தது. சிசிலியா லாங் ஐலண்டுக்கே திரும்பினாள். கம்பெனிக்காரர்களிடம் தானே போய், கண் இப்படி, மகள் சமைப்பாள், நான் பக்கத்தில் இருப்பேன் என்று சொன்னாள். அவர்கள் மெஸ்ஸைப் பிடுங்கவில்லை. அத்தனை காலம் மறைத்ததெல்லாம் எதற்கு என்று அவள் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அடைக்கலசாமி டாக்டர் சொன்னபடி தவறாமல் போனார். கப்பல் வந்து நின்ற நாளாக இருந்தால் மறுநாள் போவார். ஒவ்வொரு முறையும் கருவி, விளக்கு, கறுப்புத் துணி. ஒவ்வொரு முறையும் அந்த மணி மறைகிற ஒரே இடத்தில் "மறைஞ்சிட்டு" என்பார், திரும்பி வந்ததும் "தெரியுது" என்பார். "சாஃப் இருக்கு அண்ணன்" என்பாள் இந்திராணி. வேறெங்கும் மறையவில்லை என்று அர்த்தம். வெளியே வந்து ஒரு டீ குடிப்பார். இந்த நோயாளிக்கு நோய் இருக்கிறதா என்று கேட்டால் டாக்டருக்கும் பதில் தெரியாது, அவருக்கும் தெரியாது. அப்படியே வருஷங்கள் போயின. அதற்கிடையில் அவர் ஹேடோவிலும் டெலானிபூரிலும் இருந்த தமிழ் வீடுகளுக்குப் போய், நாற்பது தாண்டினவர்களை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார். பேசாத மனிதர் வீடு தேடி வந்து பேசினதால் சிலர் போனார்கள். பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். ஒரு கிழவர், வேலையற்ற வேலை என்று அவரை வாசலிலேயே ஏசி அனுப்பியதும் உண்டு.

எழுபத்தொன்றாம் வருஷக் கடைசியில் ஒருநாள், இடக்கண் சோதனையில், மணி மறையவேண்டிய இடத்தில் மறைந்தது. திரும்பி வரவேண்டிய இடத்தில் வரவில்லை. கொஞ்சம் தள்ளித்தான் வந்தது.

டாக்டர் மறுபடியும் செய்தார். இரண்டு வாரம் கழித்து வரச்சொல்லி மறுபடியும் செய்தார். அதே இடம், அதே வளைவு, பிறை நிலாபோல.

"இனி காத்திருக்க முடியாது" என்றார். "மருந்தை ஆரம்பிக்கணும். ஒரு நாளைக்கு நாலு வேளை. உங்க வேலையைப் பத்தி நான் சொல்லணுமா?"

"வேண்டாம் சார். தெரியும்."

தெரிந்ததைச் செய்வது வேறு. முதல் சொட்டு விட்ட அன்று புருவத்துக்குமேல் ஆணி அடித்ததுபோல் வலித்தது. வீட்டுக்குள் விளக்கை ஏற்றச் சொன்னார். ஏற்றித்தான் இருக்கிறது என்றாள் ஞானசெல்வி. அடுத்த கப்பல் வந்த காலையில் அவர் மருந்து விடாமல் வேலைக்குப் போனார். குழி பளிச்சென்று தெரிந்தது. கீழே நின்ற ஒவ்வொரு முகமும் தெரிந்தது. கப்பல் போனபின் மருந்தைத் தொடர்ந்தார். அடுத்த கப்பலுக்கு மறுபடி நிறுத்தினார். ஞானசெல்விக்குத் தெரியும். கேட்டால், "நான் பாத்துக்கிடுதேன்" என்பார். ஜெட்டியில் ஆட்களை வேலைக்கு நிறுத்துகிற போர்மன் ஜம்புலிங்கத்திடம் சொல்லவில்லை. டாக்டர் கேட்டபோது, நாலு வேளையும் விடுவதாகச் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த பொய் என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால் அதுதான்.

சிசிலியா தன் கண்ணைக் காட்டுவதற்காக வந்து அவர்கள் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தாள். கப்பல் கட்டியிருந்த நாள். மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த தம்பிக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். மிகவும் கிட்டத்தில், முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்தாள். மிச்சமிருக்கிற அந்தச் சின்ன வட்டத்துக்குள் விழுகிறது எதுவோ அதை அவள் துல்லியமாகப் பார்ப்பாள்.

"உன் கண்மணி பெருசா இருக்கு" என்றாள். "எனக்கு அந்த மருந்து விட்டா கடுகாப் போயிரும். நீ விடல."

அடைக்கலசாமி சோற்றைப் பிசைந்தார்.

"எத்தன நாளா?"

"கப்பல் நாளு மட்டுந்தான்."

"கப்பல் நாளு மட்டும் நரம்பு சும்மா இருக்குமா?"

"மருந்து விட்டுக்கிட்டு மேல நின்னா குழிக்குள்ள ஆளு தெரியாது யக்கா. விடாம நின்னா நல்லாத் தெரியுது. ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆவல."

"இன்னைக்கு ஆவல." அவள் குரலை உயர்த்தவில்லை. "ஓரத்துல இருட்டு வாரது உனக்குத் தெரியாது தம்பி. எனக்குத் தெரிஞ்சுதா? தெரியுதுன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். நீயும் நெனச்சுக்கிட்டே இருப்பே. ஒருநாளு ஒருத்தன் அந்த இருட்டுக்குள்ள நிப்பான். அவனுக்கும் வீடு இருக்கும்."

ஞானசெல்வி தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். அவர் பாதிச் சோற்றோடு கைகழுவினார். ஜெட்டிக்குத் திரும்பிப் போனார். ஆனால் கப்பலில் ஏறவில்லை. கொட்டகைக்குள் ஜம்புலிங்கம் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

ஜம்புலிங்கம் வடசென்னைக்காரர், உரத்த குரல்காரர். அன்றைக்கு அந்தக் குரல் எழும்பவில்லை. "இத்தினி வருசத்துல ஒரு மூட்டை தப்பி விழுந்ததில்ல, அடைக்கலம். உன்னைவிட்டா யாரை நிறுத்துவேன்? இந்தக் கப்பலை மட்டும் முடிச்சுக் குடு. அப்பால பேசிக்கலாம்."

"இல்ல. மருந்து விட்டுட்டுத்தான் வந்தேன்."

ஆம். கைகழுவிய பிறகு விட்டிருந்தார். திரும்பி ஏறுவதற்கான வழியைத் தானே அடைத்துவிட்டுத்தான் வீட்டிலிருந்து புறப்பட்டிருக்கிறார். ஜம்புலிங்கம் எழுந்து, விஞ்சுக்கு வேறு ஆளை அனுப்பினார்.

கயிறு, வலை, கொக்கி எல்லாம் வைக்கிற ஸ்டோரில் அவருக்கு வேலை கொடுத்தார்கள். முதல் மாதங்களில் கப்பல் வரும் நாட்களில் அவர் ஸ்டோரைவிட்டு வெளியே வரமாட்டார். விஞ்ச் சத்தம் உள்ளே கேட்கும். புதிய ஆள் இழுவையைச் சற்று அவசரமாக விடுகிறான் என்று சத்தத்திலேயே தெரியும். யாரிடமும் சொல்லமாட்டார். வீட்டில் அந்த நாட்களில் சிடுசிடுப்பாக இருப்பார். ஞானசெல்வி நேரம் தவறாமல் வந்து, அண்ணாந்து பாருங்க என்று சொல்லி மருந்தை விடுவாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு புருவத்தைப் பிடித்தபடி சாய்ந்திருப்பார். டாக்டரிடம் போய், சொன்ன பொய்யையும் சொன்னார். டாக்டர் தலையசைத்தார். "பிறை அப்படியே இருக்கு, வளரல. அது போதும்" என்று மட்டும் சொன்னார். அவருக்கு மாற்றல் வந்து மெயின்லேண்டுக்குப் போனபோது அடைக்கலசாமி ஜெட்டிவரை வந்து வழியனுப்பினார். அடுத்து வந்தவர் மலையாளி டாக்டர். அவரிடமும் அதே துணி, அதே மணி.

எழுபத்தைந்தில், கோவிலுக்கென்று தூத்துக்குடியில் வார்த்த மணி ஒன்று மெட்ராஸ் வழியாகக் கப்பலில் வந்தது. ஹேடோவின் கடற்கரைக் குடும்பங்கள் எல்லாம் ஜெட்டியில் கூடியிருந்தார்கள். சிசிலியாளும் மகளுடன் வந்திருந்தாள். ஜம்புலிங்கம் ஸ்டோர் வாசலுக்கு வந்து, "அடைக்கலம், மேல வா. பிடிய நீ தொடவேண்டாம், சும்மா பக்கத்துல நில்லு. விஞ்ச் பிடிக்கிற பையன் நடுங்குறான்" என்றார்.

அவர் போய் விஞ்சின் அருகே நின்றார். மருந்து விட்ட கண். குழியை எட்டிப் பார்த்தார். கறுப்பைத் தவிர ஒன்றுமில்லை. கீழே ஆட்கள் கூப்பிடுவது மட்டும் கேட்டது. விஞ்ச் பிடித்தவனின் தோளில் கையை வைத்தார். "மெள்ள" என்றார். "இன்னும் மெள்ள." கயிறு இறுகியது. இருட்டு இருட்டாகவே நெடுநேரம் இருந்தது. பிறகு விளிம்புக்குமேல் வெயில் பட்டதும், வைக்கோல் சுற்றிய வெண்கலத்தின் உச்சி சட்டென்று அவர் கண்முன் எழுந்தது. முழு மணியும் வெளியே வந்து, அலுங்காமல் கடலுக்கும் கரைக்கும் நடுவே தொங்கியது. அவன் தோளிலிருந்து கையை எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு ஏணிவழியாகக் கவனமாக, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கிப் போனார்.